பெரியமேட்டில் ஓர் ஓவியப் பள்ளி

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் பொறியியல் கலந்தாய்வைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காத தெரு தமிழ்நாட்டில் இல்லை. ஓவியக் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்கும் பிள்ளைக்குத்தான் வழி சொல்ல ஆளில்லை. பள்ளியில் நல்ல டிராயிங் மாஸ்டர் ஒருவர் வாய்த்திருந்தால் அந்தப் பிள்ளை தப்பித்தது.

சென்னை சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டிப் பெரியமேடு பக்கம் நடந்தால் அரசு கவின் கலைக் கல்லூரி வந்துவிடும். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தன் முயற்சியில் தொடங்கிய பள்ளி இது. 1852-இல் அரசு ஏற்றுக்கொண்டது. கல்கத்தா, பம்பாய் ஓவியப் பள்ளிகளுக்கும் மூத்தது. கைத்தொழிலை வளர்ப்பதுதான் ஹண்டரின் நோக்கம். அந்த வேர் இன்றும் தெரிகிறது: ஓவியம், சிற்பத்தோடு செராமிக், டெக்ஸ்டைல், விஷுவல் கம்யூனிகேஷன் துறைகளும் இங்கே உண்டு. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது.

கல்லூரியின் பேரை மட்டும் பார்த்து விண்ணப்பிப்பவர்கள் தடுமாறுவது துறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். நான்கு வருடம் எதோடு புழங்கப் போகிறோம்? வண்ணமா, களிமண்ணா, நூலா, கணினித் திரையா? அதை முடிவு செய்துகொண்டுதான் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மதிப்பெண் பட்டியல் மட்டும் இங்கே இடம் வாங்கித் தராது. நேரில் உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். நடிகர் முகத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, பென்சிலால் மெழுகிவைத்த படங்கள் வீட்டில் கைதட்டு வாங்கும். தேர்வு அறையில் உதவாது. அடுப்படிக் குடம், கொடியில் தொங்கும் துணி, திண்ணையில் தூங்கும் தாத்தா என்று எதிரே இருப்பதைத் தினமும் பார்த்து வரைந்த கைதான் அங்கே ஓடும்.

கோவை வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து இங்கே படித்தவர் நடிகர் சிவகுமார். மாணவராக இருந்தபோது திருவண்ணாமலை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் போய், கோயில்களை எதிரே அமர்ந்து தீட்டினார். திருச்சி மாவட்டத்துக் கீழக்குறிச்சியில் பிறந்து இங்கே படித்த ஓவியர் ஆதிமூலத்துக்குச் சிற்பி தனபால் வழிகாட்டினார். கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்குக் கோடுகள் தந்தது ஆதிமூலத்தின் கைதான்.

‘படம் போட்டால் சோறு கிடைக்குமா?’

அப்பாக்கள் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலும் உண்டு. இங்கே படித்த தோட்டா தரணி ‘நாயகன்’ படத்துக்குக் கலை இயக்குநராகத் தேசிய விருது பெற்றார். 1960-களில் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படிப்பு முடித்த ஓவியர்கள் பிழைக்க வழியில்லாமல் வேறு வேலைக்குப் போவதைக் கண்டு கலங்கினார். அவரும் மாணவர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, நிலம் வாங்கினார்கள். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது அப்படித்தான். அது இன்றும் இருக்கிறது.

பெரிய நகரத்தில் படிப்பதால் வரும் லாபம் வகுப்பறைக்கு வெளியேதான் அதிகம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் இருக்கின்றன. ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டம் காசில்லாமல் கிடைக்கும் மாடல். கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, இதே கல்லூரியின் முதல் இந்திய முதல்வர்.

விண்ணப்பிக்கும் முன் ஒருநாள் அப்பா அம்மாவோடு பெரியமேட்டுக்குப் போய், அங்கே படிக்கும் மாணவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். அந்த ஆண்டின் விண்ணப்பக் குறிப்பை வரி விடாமல் படியுங்கள். அப்படியே எழும்பூர் அருங்காட்சியகத்தில் அரை நாள் வரைந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.