பூ இருக்கு, காய் இல்லை... தேனீயும் குருவியும் தோட்டத்துக்கு வர என்ன வழி?

கேள்வி: ‘‘வீட்டுக்குப் பின்னால் 10 சென்ட் இடத்தில் சுரை, பீர்க்கன், பூசணி போட்டிருக்கிறேன். பூக்கள் நிறைய வருகின்றன. பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடுகிறது. தேனீயையே காணோம். கடையில் ஹார்மோன் தெளிக்கச் சொல்கிறார்கள். தெளிக்கலாமா?’’

- வாசகர், திருமலைராயன்பட்டினம், காரைக்கால்.

பதில்: இந்த நிலையில் ஹார்மோன் பயன்படாது. பெண் பூக்களைக் கூட்ட எத்ரல் தெளிப்பது, செடியில் 2 முதல் 4 இலைகள் இருக்கும்போது செய்யவேண்டிய வேலை. இங்கே பெண் பூ இருக்கிறது. மகரந்தம்தான் வந்து சேரவில்லை.

காரைக்காலைச் சுற்றிலும் நெல் வயல்கள்தான். நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை நடக்கும் பயிர்; அதன் பூவில் தேன் கிடையாது. சம்பா பருவம் முழுக்கக் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக இருந்தாலும், தேனீக்கு அது பட்டினிக் காலம். அறுவடைக்குப் பிறகு, தரிசு உளுந்து பூக்கும்போதுதான் தீனி. ஆகவே, ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பூ இருக்கும்படி தோட்டத்தை அமைக்கவேண்டும்.

வேலியோரத்தில் புங்கன், பூவரசு, புன்னை நடலாம். மூன்றுமே உப்புக் காற்றைத் தாங்கும். கோடையில் புங்கன் பூவில் தேனீ மொய்க்கும். அடுத்த வரிசையில் முருங்கை, செம்பருத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை. செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளில் பட்டாம்பூச்சி முட்டையிடும். நாலைந்து புழுவைக் கண்டதும் மருந்தை எடுக்கக் கூடாது. பாத்தி ஓரங்களில் தட்டைப்பயறு, எள், துளசி, செண்டுமல்லி. கொத்தமல்லியில் கொஞ்சத்தைப் பறிக்காமல் பூக்க விடவும். செண்டுமல்லி பூக்க இரண்டு மாதம் வரை ஆகும் என்பதால், கொடி விதைப்பதற்கு முன்பே நாற்று விட்டுவிடவேண்டும். தும்பை, எருக்கைக் களை என்று முழுவதும் அழிக்கவேண்டாம்.

இருக்க இடமும் வேண்டும். தனியாக வாழும் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டுபவை. வெயில் படும் ஓர் ஓரத்தைக் கொத்தாமல், மூடாக்குப் போடாமல் விடவும். கருவண்டுக்குக் காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டிவைக்கலாம். அகன்ற மண் சட்டியில் கூழாங்கல் போட்டு நல்ல தண்ணீர் ஊற்றவும். உப்பு ஏறிய போர் தண்ணீர் வேண்டாம். தினமும் மாற்றினால் கொசு வராது. ‘T’ வடிவில் குச்சிகள் நட்டால் இரட்டைவால் குருவி உட்கார்ந்து பூச்சி பிடிக்கும்.

மருந்து விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்றவை செடிக்குள் ஊடுருவி, மகரந்தத்திலும் தேனிலும் கலக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இவற்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. வேப்பெண்ணெய்க் கரைசலுக்கும் நேரம் உண்டு. ‘மாலையில் தெளி’ என்பது பொது விதி. அது விடியலில் மலரும் பூசணிக்கும் பாகலுக்கும் சரி. சுரையும் பீர்க்கனும் மாலையில்தான் மலரும். அந்திப்பூச்சிகள் வரும் நேரம் அது. இவற்றுக்குக் காலையில் பூ வாடிய பிறகு, வெயில் ஏறும் முன், இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவும்.

மரமும் செடியும் வளர நாளாகும். இந்தப் போகத்தைக் காப்பாற்றக் கையால் மகரந்தம் சேர்க்கலாம். அடியில் குட்டிப் பிஞ்சு இருப்பது பெண் பூ. அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவவும். ஓர் ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூக்களுக்குப் போதும். பூசணிக்குக் காலை 6 முதல் 8 மணி. சுரை, பீர்க்கனுக்குப் பொழுது சாயும் நேரம். சேர்ந்திருந்தால் சில நாள்களில் பிஞ்சு பருக்கும்.

அப்படியும் உதிர்ந்தால், பழ ஈ துளைத்திருக்கிறதா என்று பிஞ்சை அறுத்துப் பார்க்கவும். உள்ளே புழு இருந்தால், அந்தப் பிஞ்சுகளோடு மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.