ஒகேனக்கலுக்கு இறங்குறது ஈஸி... திரும்பி ஏறுறது? தர்மபுரி மாவட்டத்தில் யாருக்கு எந்த சைக்கிள் ரூட்!

'ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போலாமா? சைக்கிள்லயே!' தர்மபுரிப் பக்கம் நான்கு நண்பர்கள் சேர்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். மேப்பைப் பார்த்தால் சுமார் 46 கிலோமீட்டர். அதில் பென்னாகரம் தாண்டியதும் கடைசி 16 கிலோமீட்டர் காட்டுக்குள் இறக்கம். பெடல் மிதிக்கவே வேண்டாம். காற்று முகத்தில் அடிக்க, சைக்கிள் தானாகவே காவிரிக் கரையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

சிக்கல் மதியம்தான் ஆரம்பிக்கும். அருவிக் குளியல், மீன் வறுவல், பரிசல் எல்லாம் முடிந்து சைக்கிளைத் திருப்பினால், காலையில் சிரித்துக்கொண்டே இறங்கிய அதே 16 கிலோமீட்டர் இப்போது ஏற்றமாக நிற்கும். உச்சி வெயில், நிறைந்த வயிறு, காலியான தண்ணீர் பாட்டில்!

சைக்கிள் பயணத்தின் முதல் பாடம் இதுதான். எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைவிட, திரும்பும்போது எவ்வளவு ஏற வேண்டும் என்பதே முக்கியம்.

பிரான்ஸில் மலைக்கே மார்க் போடுவாங்க!

1903-ல் தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் வரும் ஏற்றங்களை 4, 3, 2, 1 எனத் தரம் பிரித்திருக்கிறார்கள். 4 என்றால் சுலபம், 1 என்றால் கடினம். அதையும் தாண்டிய ஏற்றங்களுக்கு 'வகைக்குள் அடங்காதவை' என்று தனிப் பெயரே உண்டு. 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மோன் வான்டூ மலை அந்த ரகம். அடிவாரத்தில் இருக்கும் பெடுவான் என்ற ஊரிலிருந்து உச்சிக்கு 21 கிலோமீட்டரும் ஏற்றம்தான்.

அதே நாட்டில் லுவார் ஆற்றையொட்டி சுமார் 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. பெரும்பாலும் சமதளம் என்பதால் குழந்தைகள், தாத்தா பாட்டி என்று குடும்பமாகப் போகிறார்கள். அவரவர் காலுக்கு ஏற்ற பாதையை அவரவர் தேர்ந்தெடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

தர்மபுரி மாவட்டத்தில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை இல்லாவிட்டாலும், எல்லா வகைக் கால்களுக்கும் ஏற்ற சாலைகள் இருக்கின்றன. அவற்றையும் இப்படித் தரம் பிரித்துப் பார்க்கலாமே!

முதல் படி: அதியமான்கோட்டை

தர்மபுரி நகரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். போக வர ஒன்றரை மணி நேரம் போதும். கியர் இல்லாத சைக்கிளே தாராளம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயர் தாங்கிய ஊர். காலபைரவர் கோயிலையும், பழைய சுவரோவியங்கள் உள்ள சென்னராயப் பெருமாள் கோயிலையும் பார்த்துவிட்டு, டிபனுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம். பைபாஸைத் தவிர்த்து ஊருக்குள்ளிருந்து போகும் சாலையில், போக்குவரத்து குறைவாக இருக்கும் அதிகாலையில் செல்வது நல்லது. குழந்தைகள் வந்தால் பெரியவர் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் வர வேண்டும்.

இரண்டாம் படி: பாப்பாரப்பட்டி, தீர்த்தமலை

வாரத்தில் இரண்டு மூன்று நாள் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு ஏற்றவை இவை. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ல் மறைந்தது பாப்பாரப்பட்டியில்தான். அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது. தர்மபுரியிலிருந்து போக வர 40 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். சிறு சிறு மேடுகள் வரும். நிதானமாக மிதித்தால் மூச்சு வாங்காது.

அரூர் பக்கம் இருப்பவர்களுக்கு தீர்த்தமலை. ஒருவழித் தூரம் சுமார் 16 கிலோமீட்டர். மலைமேல் இருக்கும் தீர்த்தகிரீஸ்வரர் கோயிலுக்குப் படியேறிப் போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மிதித்து வந்த கால்களுக்கு அது இரண்டாவது வேலை!

மூன்றாம் படி: ஒகேனக்கல்

புதியவர்கள் இதைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் முறை பென்னாகரம் வரை போய்த் திரும்புங்கள். அதுவே சுமார் 60 கிலோமீட்டர். அன்று மாலை கால்கள் தெம்பாக இருந்தால் அடுத்த முறை ஒகேனக்கல். அப்போதும் சரக்கு ஆட்டோ ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்து, திரும்பும்போது ஏற்றத்தை மட்டும் வண்டியில் கடந்துவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இது யானைகள் கடக்கும் காட்டுச் சாலை. விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் சைக்கிளில் இந்த வழியே வேண்டாம். நடுவழியில் நிறுத்தி செல்பி எடுப்பதும் வேண்டாம். மழைக்காலத்தில் காவிரியில் நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை விதிப்பார்கள். கிளம்பும் முன் செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: வத்தல்மலை

மாவட்டத்தின் 'வகைக்குள் அடங்காத' ஏற்றம் என்றே சொல்லலாம். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் காபித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் குளிர்ந்த காற்றும் வரவேற்கும். கியர் சைக்கிளும் சில மாதப் பயிற்சியும் இல்லாமல் இங்கே வரக் கூடாது.

ஏறும்போது முன்பக்கம் சின்னப் பல்சக்கரம், பின்பக்கம் பெரிய பல்சக்கரம் என்று கியரை வையுங்கள். ஏற்றம் தொடங்கிய பிறகு மாற்றினால் செயின் கழன்றுவிடலாம் என்பதால், தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள். மலை எங்கேயும் ஓடிவிடாது!

இந்த வழி மட்டும் வேண்டாம்

சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய். கனரக லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதி அடிக்கடி உயிர்ப்பலி நடக்கும் இறக்கம். எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சைக்கிளில் இந்த இறக்கத்துக்கு வேண்டாம்.

இறக்கம்தான் ஆபத்து

ஏற்றம் ஆளைக் களைப்பாக்கும், அவ்வளவுதான். ஆளைச் சாய்ப்பது இறக்கம். கிளம்பும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு வேளை டிபன் செலவைவிடக் குறைவுதான்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வந்தால் ரிம் சூடாகிப் பிடிமானம் குறையும். விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் தலைகுப்புற விழ நேரிடும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. ஹெல்மெட் கட்டாயம்.

மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கையில் கடலை மிட்டாய், வாழைப்பழம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

மூலையில் நிற்கும் சைக்கிள்

இதற்கெல்லாம் லட்ச ரூபாய் சைக்கிள் தேவையில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கடைக்கும் வேலைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்தார்கள். பிறகு தமிழக அரசு பள்ளி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் மாணவர்களுக்கும் அதை விரிவாக்கியது.

அந்த சைக்கிள்கள் இன்று எத்தனையோ வீடுகளில் ப்ளஸ் டூ முடிந்ததும் மாட்டுக்கொட்டகை ஓரம் துருப்பிடித்து நிற்கின்றன. 'பொம்பளப் புள்ள தனியா எங்க சைக்கிள்ல போறது' என்ற ஒரு வார்த்தையும் சில சைக்கிள்களை அங்கே நிறுத்தியிருக்கலாம். தனியாகத்தான் யோசனை என்றால், சேர்ந்து போகலாமே! அப்பா, அம்மா, பொண்ணு, பக்கத்து வீட்டுத் தோழி என நான்கு பேர் கிளம்பினால் அதியமான்கோட்டை எட்டும் தூரம்தான்.

வரும் ஞாயிறு அந்த சைக்கிளை வெளியே எடுங்கள். செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று, பிரேக்குக்குப் புதுக் கட்டை. முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள். வத்தல்மலை காத்திருக்கும்!