ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

எங்கள் கடற்கரைச் சந்தியிலே ஒரு தேநீர்க் கடை உண்டு. இலங்கை அணி ஆடும் நாள்களில், மாலை மயங்கும் வேளையில், அக்கடையின் முன்னே கூட்டம் சேரும். கரைவலை இழுத்துக் களைத்தவர்கள், உப்பளத்திலிருந்து வெடித்த பாதங்களோடு திரும்பியவர்கள், கருவாட்டு வாடியில் வேலை முடித்த பெண்கள், என் வகுப்பு மாணவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள். உள்ளே நான்கு வாங்குகள். தேநீர் வாங்கியவனுக்கு வாங்கில் இடம். வாங்காதவனுக்குச் சன்னல் கம்பி. கடைக்காரர் கொடியவர் அல்லர். மாதந்தோறும் சந்தா கட்டி அந்தப் படத்தை வாங்குகிறவர் அவர். அந்தச் சந்தாவைத் தேநீரிலேதான் மீட்க வேண்டும். "மாஸ்டர், உள்ளுக்கு வாங்க" என்று என்னை அழைப்பார். என் மாணவன் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்க, நான் உள்ளே அமர்வதா? இரண்டொரு முறை அமர்ந்தும் இருக்கிறேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முற்போக்கு ஏட்டிலே கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற ஆட்டம், மக்களை மயக்கும் அபின் என்பது அவர்கள் வாதம். டிரினிடாட்டில் பிறந்த மார்க்சியர் சி. எல். ஆர். ஜேம்ஸ், காலனி ஆட்சியையும் நிறவெறியையும் ஆராய்வதற்குக் கிரிக்கெட்டையே களமாகக் கொண்டு 1963இல் ஒரு பெருநூல் எழுதினார். அவருக்கு வராத கூச்சம் நமக்கு ஏன்? உழைக்கும் மக்கள் எதில் மகிழ்கிறார்களோ அதை அற்பமென்று ஒதுக்குவது முற்போக்கன்று. அது படித்தவர்களின் மேட்டிமை.

நம் நாட்டில் இந்த ஆட்டமும் தொலைக்காட்சியும் ஏறக்குறைய ஒரே தொட்டிலில் வளர்ந்தவை. ஜப்பானிய மக்களின் நன்கொடையால் எழுந்த ரூபவாகினி 1982 பெப்ரவரி 15ஆம் நாள் தொடக்கம் கண்டது. இரண்டே நாள் கழித்து, பெப்ரவரி 17ஆம் நாள், இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தைக் கொழும்பிலே இங்கிலாந்துக்கு எதிராக ஆடத் தொடங்கியது. நன்கொடையாக வந்த நிலையம், பொது அலைவரிசை, நாட்டின் பெயர் தாங்கிய அணி. இவற்றில் எது தனியார் முதலீட்டில் பிறந்தது?

1996ஆம் ஆண்டை என் தந்தையார் வாயிலாக அறிந்தவன் நான். அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாள் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்துவிட்டன. ஆயினும் மார்ச் 17ஆம் நாள் லாகூரில், அதே அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று இலங்கை உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள். மின்சாரம் எட்டாத எங்கள் பகுதியில் லொறி பற்றரியில் இணைத்த ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியை முற்றத்தில் தூக்கி வைத்தார்களாம். சிங்கள மீனவரும் தமிழ் மீனவரும் ஒரே பாயில் இருந்தார்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஆறாவது ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்த முஸ்லிம் குடும்பத்தினரும் அங்கே இருந்தார்கள். போர் ஓயவில்லை, எவருடைய துயரும் தீரவில்லை. ஆனாலும் அந்த இரவில் யாரும் யாரிடமும் சந்தா கேட்கவில்லை.

இன்றைய நிலை என்ன? சில தொடர்கள் இலவச அலைவரிசையில் வருகின்றன, சில வருவதில்லை. எது வரும், எது வராது என்பது ஏலத்திலே தீர்மானமாகிறது. இந்தியாவின் ஐ.பி.எல். ஒளிபரப்புரிமை 2023 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டுக்கு 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விலை போயிற்று. அப்பணத்தைப் போட்டவன் சும்மா விடுவானா? சந்தாவாகவும் விளம்பரமாகவும் டேட்டாவாகவும் நம் சட்டைப் பையிலிருந்துதான் எடுப்பான். என் மாணவர்கள் ஐவர் சேர்ந்து காசு போட்டு ஒரு டேட்டா காட் வாங்குகிறார்கள். பதினைந்தாவது ஓவரில் அது தீர்ந்துவிடும். மீதி ஐந்து ஓவரை மறுநாள் வகுப்பிலே ஒருவனுக்கொருவன் கற்பனை செய்து சொல்லிக்கொள்கிறார்கள்.

கற்பிட்டிக் குடாநாட்டின் கொடுமையோ இரட்டிப்பு. நுரைச்சோலையில் சீனக் கடனில் எழுந்த அனல்மின் நிலையம் 2011 முதல் இயங்குகிறது. அதன் திறன் 900 மெகாவாட். நாட்டின் பெட்டிகளுக்கெல்லாம் ஒளி கொடுப்பதில் பெரும் பங்கு அதனுடையது. நிலக்கரித் தூசியும் சாம்பலும் படிவது அயலிலுள்ள தோட்டங்களின் மேலே, வெங்காயப் பாத்திகளின் மேலே, கிணறுகளின் மேலே. சாம்பல் இலவசம், படத்துக்குத்தான் கட்டணம்!

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த நோயன்று. கனடாவிலே ஐஸ் ஹொக்கி என்பது சனிக்கிழமை இரவின் சடங்கு. அரச ஒளிபரப்பு நிறுவனமாகிய சி.பி.சி. 1952 முதல் அதை வீடுதோறும் கொண்டு சென்றது. 2013இல் ரொஜர்ஸ் என்னும் தனியார் நிறுவனம் பன்னிரண்டு ஆண்டுக்கு 520 கோடி கனடிய டொலர் கொடுத்து நாடு தழுவிய உரிமையை வாங்கியது. தான் வளர்த்த நிகழ்ச்சியையே சி.பி.சி. அதன் பின் இரவலாகக் காட்ட நேர்ந்தது. 2025இல் அதே நிறுவனம் 1,100 கோடி டொலருக்கு மேலும் பன்னிரண்டு ஆண்டை வளைத்துக்கொண்டது.

பிரித்தானியாவின் பாடம் இன்னும் கூர்மையானது. இலவசமாகக் காட்டியே தீரவேண்டிய பந்தயங்களின் பட்டியல் அங்கே சட்டத்தில் உண்டு. 1998இல் உள்நாட்டு டெஸ்ட் ஆட்டங்களை அதன் உறுதியான பகுதியிலிருந்து அகற்றினார்கள். 2005 ஆஷஸ் தொடரை இலவச அலைவரிசையில் உச்ச வேளையில் 84 இலட்சம் பேர் பார்த்தனர். அடுத்த ஆண்டு முதல் ஆட்டம் கட்டண அலைவரிசைக்குப் போயிற்று. 2009இல் இங்கிலாந்து மீண்டும் வென்றபோது உச்ச எண்ணிக்கை 20 இலட்சத்தைத் தொடவில்லை. வெற்றி அதே வெற்றிதான். அதைக் கண்ட மக்களே குறைந்தனர்.

உரிமைப் பணம் இல்லாவிடில் ஆட்டம் எப்படி வளரும் என்று சபையினர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. வீரர்களுக்கு ஊதியம் வேண்டும், பயிற்சி வேண்டும். ஆனால் அந்தப் பணம் எங்கே வளர்க்கிறது என்று நாமும் கேட்போம். புற்தரை விக்கெட்டை இத்தனை ஆண்டாகியும் மிதித்தறியாத பாடசாலைகள் எங்கள் கரையோரத்தில் எத்தனை! தென்னை மட்டையைச் செதுக்கித் துடுப்பாக்கும் பிள்ளைக்கு அந்தக் கோடிகளிலிருந்து ஒரு பந்தேனும் வந்து சேர்ந்ததா? பார்க்கவும் விடாமல், ஆடவும் வழி செய்யாமல், ஆட்டத்தை வளர்க்கிறோம் என்பது யாரை ஏய்க்க?

அரசு தலையிட்டால் சர்வதேச சபை தடை விதிக்கும் என்ற அச்சுறுத்தலும் உண்டு. 2023 நவம்பரில் இலங்கை இடைநிறுத்தப்பட்டதும், 2024 ஜனவரியில் அத்தடை நீங்கியதும் உண்மையே. அது சபையின் நிர்வாகத்தைப் பற்றிய சச்சரவு. ஒளிபரப்புச் சட்டம் வேறு. வான் அலைகள் பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. தேசிய முக்கியத்துவமுள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பை அரச நிறுவனத்தோடு பகிர்ந்தே தீரவேண்டும் என்று 2007இல் இந்தியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்காக இந்தியாவை யாரும் தடை செய்யவில்லையே! பெரிய சந்தைக்கு ஒரு நீதி, சிறிய தீவுக்கு ஒரு நீதியா?

இலங்கை அணி ஆடும் உலகக் கிண்ண, ஆசியக் கிண்ண ஆட்டங்களும் உள்நாட்டுத் தொடர்களும் மக்களுக்குரியவை என்பது அமைச்சர்களின் மனநிலைக்கும் ஒப்பந்தக் காலத்துக்கும் கட்டுப்படாதவாறு பாராளுமன்றச் சட்டத்தில் பொறிக்கப்பட வேண்டும். சிங்களத்தோடு தமிழிலும் வர்ணனை இருக்க வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் இதைத் தம் கோரிக்கைகளில் சேர்க்கலாம். சம்பளப் போராட்டத்துக்கு இது குந்தகமாகாது.

மகளிர் அணியின் ஆட்டங்களை அப்பட்டியலில் மறந்துவிடக் கூடாது. 2024 ஜூலை 28ஆம் நாள் தம்புள்ளையில், சமரி அத்தபத்துவின் தலைமையில், நம் பெண்கள் இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று ஆசியக் கிண்ணத்தை ஏந்தினர். மறுநாள் திங்கட்கிழமை. என் வகுப்பில் பந்து வீசுவதில் பையன்களை மிஞ்சும் ஒரு மாணவி இருக்கிறாள். ஆட்டம் பார்த்தாயா என்று கேட்டேன். "இல்லை, சேர். கடைக்கு முன்னால பொம்பிளைப் பிள்ளை நிக்கக் கூடாதெண்டு வாப்பா சொல்லிட்டாங்க" என்றாள்.