சித்திரம் இலேசான பாடமா?

தரம் 10 இற்குப் பாடம் தெரிவு செய்யும் படிவம் எங்கள் வீட்டு மேசையில் கிடக்கிறது. தங்கை சித்திரத்துக்கு நேரே அடையாளமிட்டிருக்கிறாள். "படிக்கப் பஞ்சிப்படுற பிள்ளைகள் எடுக்கிற இலேசான பாடம்" என்றார் வாப்பா. இதைப் படித்து என்ன தொழில் செய்வாள் என்று கேட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அது நியாயமான கவலை. 'இலேசான' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சென்ற தவணை விடுமுறையில் மொகலாயர் காலச் சிற்றோவியங்களைப் பற்றி வாசித்தேன். பல படங்கள் ஒரு புத்தகத்தின் பக்க அளவுதான். ஆனால் வர்ணம் தொடுவதற்கு முன்பே பெரும் வேலை இருக்கிறது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டித் தடிப்பாக்குவார்கள். வஸ்லி என்பது அதன் பெயர். வழுவழுப்பான கல்லால் அதைத் தேய்த்து மினுக்குவார்கள். கோடு வரைந்து, மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, உள்ளே மங்கலாகத் தெரியும் கோட்டைத் திருத்தி மீண்டும் வரைவார்கள். நீலத்துக்கு ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் எடுத்த லாஜ்வர்த் கல், சிவப்புக்குச் சாதிலிங்கம், பொன்னிறத்துக்கு மெய்யான தங்கம். எல்லாவற்றையும் அரைத்துப் பிசின் நீரில் குழைக்க வேண்டும். பூச்சுக் காய்ந்ததும் படத்தைக் கவிழ்த்து முதுகுப் பக்கத்தில் தேய்ப்பார்கள். அப்போதுதான் வர்ணம் தாளோடு படிந்து ஒளிரும். பிறகு அடுத்த பூச்சு. கடைசியில் அணில் மயிர்த் தூரிகையின் நுனியால் தாடியின் ஒவ்வொரு மயிரும்.

நானும் ஒரு புருவம் வரைந்து பார்த்தேன். மூச்சு விட்டாலே கோடு தடித்தது. நான்காவது தாளோடு நிறுத்திவிட்டேன். அன்றிரவு செய்த பௌதிகவியல் கணக்கு எவ்வளவோ இலகு.

அக்பரின் ஓவியக்கூடத்தில் ஒருவரே எல்லாம் செய்யவில்லை. அக்பர்நாமாவில், ஹவாய் என்ற மதயானை மேல் அக்பர் படகுப் பாலத்தைக் கடக்கும் காட்சியை அமைத்தவர் பஸாவன். வர்ணம் தீட்டியவர் சேத்தர் முனி. இப்படி யார் எதைச் செய்தார் என்று ஓரத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பாதி வேலை செய்தவருக்கும் பெயர் உண்டு. எங்கள் கண்காட்சிகளில் முழுப்படம் வரைந்த பிள்ளையின் பெயர்கூடச் சிலவேளை விடுபட்டுப் போகிறது.

ஜஹாங்கீர் காலத்து உஸ்தாத் மன்சூரை உயிரியல் படிக்கும் தோழிகள் அறிந்துகொள்ள வேண்டும். 1621 இல் அரசவைக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. அதன் கோடுகள் யாரோ பூசிய சாயமோ என்று சிலர் சந்தேகப்பட்டார்களாம். மன்சூர் அதை வரைந்தார். காஷ்மீர்ப் பூக்களில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவற்றை வரைந்தார் என்று ஜஹாங்கீரே எழுதியிருக்கிறார். உருவம் வரையலாமா என்று தயங்கும் பெற்றோருக்கு இந்தப் பூக்களையே காட்டுவேன். அந்தக் கேள்வியைத் தீர்க்கும் அறிவு எனக்கில்லை. அதே காலத்தில் நாதிரா பானு, ஸஹீஃபா பானு என்ற பெண்களின் பெயர்களும் ஓவியங்களில் இருக்கின்றன. அவர்களைப் பற்றி வாசிக்கக் கிடைப்பது மிகக் கொஞ்சம் என்பதில் எனக்கு வருத்தம்.

இலேசு என்ற பெயர் வந்ததற்கு நாங்களும்தான் காரணம். இரண்டு மணித்தியாலப் போட்டி, கடைசி நேரத்தில் வாங்கிய வர்ணப் பெட்டி, காயுமுன்பே ஒப்படைத்த தாள். சித்திரப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுத்தால் கைதட்டுகிறோம், நானும் தட்டியிருக்கிறேன். ஒரே படத்தை ஒரு தவணை முழுவதும் செய்ய விட்டால் என்ன? தாள் ஒட்டுவதிலிருந்து தொடங்கட்டும். அதன் பிறகு எத்தனை பேர் இலேசு என்று இந்தப் பாடத்தை எடுக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

இதை வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நான் புருவம் வரைந்து கெடுத்த நான்கு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். படிவத்தில் இன்னும் கையொப்பமிடவில்லை.