பியானோ சரியில்லை, ஆனாலும் கச்சேரி நடந்தது



இந்த ஆண்டு விழாவில் யாரும் மேடையில் நேராகப் பாட வேண்டாம், பென் டிரைவில் பாட்டைப் போட்டுவிட்டு வாயசைத்தால் போதும் என்று முடிவாகியிருக்கிறது. காரணம் எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் எங்க வகுப்புப் பாட்டுக்கு நடுவில் ஹார்மோனியத்தில் ரெண்டு கட்டை உள்ளே அமுங்கி, எழும்பவே இல்லை. நாங்க அப்படியே நின்னுட்டோம். முன்வரிசையில் சிரிச்சாங்க. எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதுக்காகப் பாடுவதையே நிறுத்தணுமா?

இந்தக் கேள்வியோடு இருந்தப்பதான் என் அக்கா விடுமுறைக்கு வந்து, போனில் ஒரு கச்சேரியைப் போட்டுக் கேட்க வைத்தாள். ஜெர்மனியில் கொலோன் நகரத்து ஓபரா அரங்கில், 1975 ஜனவரி 24 அன்று நடந்தது. வாசித்தவர் கீத் ஜாரெட் என்ற அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர். அப்போது ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்த் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். எழுதி வைத்த பாட்டு எதுவும் கிடையாது. மேடையில் உட்கார்ந்த பிறகு மனசில் என்ன தோன்றுகிறதோ அதுதான். நம்ம ஊர்ப் பாடகர்கள் ராக ஆலாபனை செய்கிற மாதிரி, ஆனால் கச்சேரி முழுக்கவே அப்படி.

ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டெஸ். வயசு 18! நம்ம பிளஸ் டூ அக்காங்களைவிட ஒரு வயசுதான் கூட. 1,400 பேருக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது. அன்று அந்த அரங்கில் வேறொரு இசை நாடகம் இருந்ததால், அது முடிந்து இரவு 11.30 மணிக்குத்தான் இவருக்கு மேடை.

ஊர் ஊராகப் போகிற பியானோக்காரருக்கு ஒரு கஷ்டம் உண்டு. நாதஸ்வரக்காரர் தன் வாத்தியத்தைத் தானே எடுத்து வருவார். இவர் போகிற இடத்தில் இருக்கிற பியானோவில்தான் வாசிக்க வேண்டும். ஜாரெட் கேட்டிருந்தது ஒரு பெரிய பியானோ. அரங்கத்து ஆட்கள் மேடையில் வைத்தது ஒத்திகைக்குப் பயன்படும் சின்னது. சுருதி சேரவில்லை, மேல் ஸ்தாயி தகரம் மாதிரி ஒலித்தது, கீழ் ஸ்தாயியில் கனமே இல்லை, கால்கட்டையும் சரியாக வேலை செய்யவில்லை. அவரோ ஸ்விட்சர்லாந்திலிருந்து காரில் நெடுந்தூரம் வந்த களைப்பு, கூடவே முதுகுவலி. வாசிக்க மாட்டேன் என்று கிளம்பிவிட்டார். வேரா மழையில் நனைந்துகொண்டே கார் பக்கத்தில் நின்று கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்தார். சுருதி சேர்ப்பவர்கள் வந்து முடிந்த மட்டும் சரிசெய்தார்கள்.

அப்புறம் ஜாரெட் என்ன செய்தார் தெரியுமா? நன்றாக ஒலிக்கிற நடுக்கட்டைகளிலேயே பெரும்பாலும் சுற்றி வந்தார். கீழே கனம் இல்லாததால் இடது கையால் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தி வாசித்தார். கேட்டால் இடையிடையே அவர் முனகுவதும் காலால் தட்டுவதும்கூடக் கேட்கும். அது இல்லாமல் இருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது! அந்தப் பதிவு 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. வேராவைப் பற்றி 2025இல் ஒரு சினிமாவே வந்துவிட்டது. இத்தனைக்கும் ஜாரெட்டுக்குப் பின்னாளில் அந்தப் பதிவின் மேல் அவ்வளவு பிரியம் இல்லையாம். பெரியவங்க அப்படித்தான்.

'நீயே பதிவைத்தானே கேட்டாய், நேரில் கேட்கவில்லையே?' என்று என் தோழி மடக்கினாள். நியாயமான கேள்விதான். நான் பதிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரில் ஒருத்தர் வாசித்ததால்தான் அங்கே பதிவு செய்ய ஒரு விஷயம் இருந்தது. நாம் செய்யப் போவது அதற்கு நேர் எதிர். யாரோ எங்கேயோ பாடியதற்கு நம்ம வாய் ஆடும். அம்மா அப்பா கேட்க வருவது நம்ம குரலைத்தானே?

இன்னொன்று. ஜாரெட்டுக்கு 2018இல் இரண்டு முறை பக்கவாதம் வந்தது. இடது கையால் முன்போல வாசிக்க முடியவில்லை. கொலோனில் திரும்பத் திரும்ப அழுத்தியது அதே இடது கைதான். அன்று பியானோ சரியில்லை என்று அவர் போயே போயிருந்தால்? எங்க பாட்டுக் குழுவிலும் நாலு பேர் பிளஸ் டூ. அடுத்த ஆண்டு விழாவுக்கு அவங்க இருக்க மாட்டாங்க.

மறுபடி தப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியர்கள் கேட்பது புரிகிறது. போன வருஷம் நாங்க நின்றதுதான் தப்பு, ஹார்மோனியம் நின்றது இல்லை. வெறும் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடி முடித்திருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு நாளும் பழகவில்லை.

அதனால் ஒரு விண்ணப்பம். வருகிற சனிக்கிழமை மதியம் நூலகத்துப் பக்கத்து அறையில் ஹார்மோனியம் இல்லாமல் பாடிப் பார்க்கப் போகிறோம். ஆசிரியர்கள் ஒரு தடவை வந்து கேளுங்கள். கேட்ட பிறகும் பென் டிரைவ்தான் என்றால் வாயசைக்கிறோம். சிரித்த முன்வரிசைக்காரர்களும் வரலாம், ரெண்டு ஆண் குரல் குறைகிறது.

– 11ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு