வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சிவப்புக் கோடு



நடைப்பயணச் சிறப்பிதழ் வருகிறது என்று அறிவித்ததிலிருந்து உங்கள் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பிரெஞ்சு நாட்டுப்புறத்துக்கு இந்த இதழில் இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு அவைதான் காரணம். பலரும் கேட்டிருப்பது ஒன்றையேதான்: ஆறும் காடும் சதுப்பும் உள்ள, மனிதர் கை படாத ஓர் இடம் சொல்லுங்கள்.

உயர்ந்த மலைகளை விட்டுவிட்டால், பிரான்சில் அப்படி ஓர் இடத்தைக் காட்ட என்னால் முடியாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அந்த நாட்டில் நடக்க நடக்க என்னைப் பிடித்து இழுத்ததே அந்தக் கைவேலைதான்.

பாரிசிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஃபோந்தேன்ப்ளோ காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெப்போலியன் படையில் சண்டையிட்டுக் காயம்பட்ட குளோத்-பிரான்சுவா தெனெகூர், 1842 முதல் அங்கே நடைபாதைகள் வகுக்க ஆரம்பித்தார். சொந்தக் காசைப் போட்டுப் பாதை வெட்டி, பாறையிலும் மரத்திலும் நீல அம்புக்குறி வரைந்தார். பாறைகளுக்குப் பெயர் வைத்தார். பெயருக்கு ஏற்ப ஒரு கதை கட்டினார். கதைக்கு ஏற்ற குகை இல்லாத இடத்தில் குகையும் கட்டினார். வழிகாட்டி நூல்களை எழுதி விற்றார். 1849இல் ரயில் பாதை வந்ததும் பாரிஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். 1855இல் அவரைப் பாராட்டி ஒரு தொகுப்பு வெளியானது. எழுதியவர்களில் விக்தோர் யூகோ, ஜார்ஜ் சாண்ட், போதலேர் எல்லாரும் உண்டு. காட்டில் பாதை போட்ட ஒரு பழைய சிப்பாய்க்கு இப்படி ஒரு மலர்! அந்தப் பெயர்களில் ஒன்று நம் இதழுக்குக் கிடைத்திருந்தாலும் அட்டையில் போட்டிருப்பேன்.

அதே காட்டில் தியோடோர் ரூசோ முதலான ஓவியர்கள், பழைய ஓக் மரங்களை வெட்டிவிட்டுப் பைன் நடுவதை எதிர்த்துக் கொடி பிடித்தார்கள். விளைவாக 1861இல் ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்று மேலான பகுதி, கலைஞர்களுக்காக என்றே அரசாணை மூலம் ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பிறந்ததுகூட அதற்குப் பிறகு, 1872இல்தான்.

தெனெகூரின் நீல அம்பு ஒரு காட்டோடு நின்றது. நாடு முழுவதையும் நடந்து கடக்கலாம் என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் செயல்வடிவம் பெற்றது. 1947இல் நெடுநடைப் பாதைகளுக்கென ஒரு தேசியக் குழு அமைந்தது; அதே ஆண்டு ஓர்லெயானுக்கும் போஜான்சிக்கும் இடையே, லுவார் ஆற்றை ஒட்டி, முதல் பாதை திறக்கப்பட்டது. அதன் அடையாளம் மேலே வெள்ளைக் கோடு, கீழே சிவப்புக் கோடு. நெடுநடைப் பாதை என்ற யோசனைக்குச் சொந்தக்காரர் ழான் லுவாசோ என்ற கட்டடக் கலைஞர். இன்று ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதைக்கு மஞ்சளும் சிவப்பும், ஒரு நாளுக்குள் முடியும் சின்னப் பாதைக்கு வெறும் மஞ்சள். கோடுகள் பெருக்கல் குறியாகக் கிடந்தால் தப்பான வழி, திரும்பு என்று பொருள். குறியிட்ட பாதைகளின் நீளம் இன்று ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

இந்தக் கோடுகளைப் போடுபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். ஆளுக்குச் சில கிலோமீட்டர் பொறுப்பு. பிரஷும் பெயின்ட் டப்பாவும் கத்தரிக்கோலும் தூக்கிக்கொண்டு போய், முள்ளை வெட்டி, மங்கிய கோட்டின்மேல் மறுபடி பூசிவிட்டு வருகிறார்கள். பாசி பிடித்த ஒரு மரத்தில் பளிச்சென்று புதுக் கோட்டைப் பார்க்கும்போது, முந்தைய வாரம் அங்கே வந்துபோன முகம் தெரியாத ஒருவருக்கு நான் வாய்விட்டே நன்றி சொல்லியிருக்கிறேன். நடக்கும்போது தனியாகப் பேசுவது எனக்கு வழக்கம்தான்.

அந்த முதல் பாதை போகும் லுவார் ஆற்றங்கரையில் நடப்பது என்றால் பல இடங்களில் வெள்ளத் தடுப்புக் கரையின் மேல் நடப்பதுதான். இடைக்காலம் தொட்டு மண்ணைப் போட்டு உயர்த்திக்கொண்டே வந்த கரைகள் அவை. அப்படியும் ஆறு அடங்கவில்லை: கரையோர ஊர்களின் சுவர்களில் 1846, 1856, 1866 என்று வெள்ளம் ஏறிய மட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். சில கோடுகள் தலைக்கு மேலே இருக்கும். கோடையிலோ நடு ஆற்றில் மணல் திட்டுகள் எழுகின்றன; ஆலாப் பறவைகள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. அந்த மாதங்களில் திட்டுகளில் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் முழங்காலளவுதானே என்று இறங்குவதும் ஆபத்து. அடியில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த ஆற்றின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, செய்ததைக் கலைத்ததுதான். மேல் லுவாரில் செர்-த-ல-ஃபார் என்ற இடத்தில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து 1989இல் மக்கள் ஆற்றோரத்திலேயே முகாம் போட்டு உட்கார்ந்தார்கள். 1994இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அதோடு நிற்கவில்லை: துணையாறான அலியேயில் இருந்த ஓர் அணையை 1998இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு முட்டையிட வரும் சால்மன் மீனுக்கு வழி விடத்தான். லுவார் இன்று காட்டாறாகத் தெரிகிறது என்றால், அதன் பின்னால் ஐந்தாண்டு முகாமும் கொஞ்சம் வெடிமருந்தும் இருக்கின்றன.

மனிதர் கை பட்ட இன்னோர் இடமான த்ரோன்சே ஓக் காட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே உள்ளே இருக்கிறது; இங்கே ஒரு வரி மட்டும். பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் கடற்படைக் கப்பல்களுக்காக வளர்க்கச் சொன்ன ஓக் மரங்கள் முற்றி நிற்பதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. இப்போது அந்தக் காட்டு மரம் ஒயின் பீப்பாய்க்குப் போகிறது.

நான் உங்களை நின்று பார்க்கச் சொல்லும் இடம் பிரென். நாட்டின் நடுப்பகுதியில், ஷாத்தோரூ நகரத்துக்கு மேற்கே இருக்கிறது. ஆயிரம் குளத்து நாடு என்று பெயர். உண்மையில் ஆயிரத்துக்கும் மேல். நீர்க்கோழி, கொக்கு, நாணல், அல்லி, சேற்றில் வெயில் காயும் குளத்து ஆமை எல்லாம் சேர்ந்து, ஆதிகாலச் சதுப்பு என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஆனால் பழைய குளங்கள் இடைக்காலத்தில் வெட்டப்பட்டவை. அடியில் களிமண், விவசாயத்துக்கு லாயக்கில்லாத நிலம், விரத நாள்களில் இறைச்சி கூடாது என்ற மடங்களுக்கு மீன் வேண்டும். தாழ்வான இடத்தில் கரை போட்டார்கள், கெண்டை இனமான கார்ப் மீனை வளர்த்தார்கள். ஒரு குளத்தின் மதகைத் திறந்தால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி வரிசையாக அமைத்தார்கள்.

இன்றும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் மதகு திறக்கிறார்கள். நீர் மெல்ல வடிய, மீனெல்லாம் மதகடியில் உள்ள பள்ளத்துக்கு ஒதுங்கும். இடுப்பளவு சேற்றில் இறங்கி வலை இழுத்து, கரையில் வைத்துத் தரம் பிரிப்பார்கள். புகையிட்ட கார்ப் அந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். முள் அதிகம் என்று பயப்பட வேண்டாம், நன்றாகவே இருக்கும். வடிந்த சேற்றில் இரை தேடிப் பறவைகள் வந்து குவியும். குளங்களைக் கைவிட்டால் சில பத்தாண்டுகளில் நாணலும் புதரும் மூடிக் காடாகிவிடும். ஆலாக்களுக்குக் கூடு கட்ட இடமிருக்காது. மீன்காரர் பிழைப்பும் பறவையின் பிழைப்பும் ஒரே மதகில் தொங்குகின்றன. உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1991இல் இடம்பெற்ற பகுதி இது. இங்குள்ள ஷெரின் இயற்கைக் காப்பகத்தில் பறவை பார்க்கும் மறைவிடங்களில் உட்கார்ந்து பார்க்கக் கட்டணம் கிடையாது.

ஒரு கசப்பையும் மறைக்க வேண்டாம். பிரென் குளங்களில் பெரும்பாலானவை தனியார் சொத்து. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். பக்கத்துச் சொலோஞ் காட்டில் வேட்டைக்காகப் பணக்காரர்கள் எழுப்பிய கம்பிவேலிகள் மானையும் பன்றியையும் அடைத்துப்போட்டன. அதைத் தடுக்க 2023இல் ஒரு சட்டம் வந்தது: வேலி 1.20 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தரையிலிருந்து 30 செ.மீ. இடைவெளி வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அதே சட்டம், தடை அறிவிப்பு உள்ள தனியார் காட்டுக்குள் நுழையும் மனிதருக்கு அபராதமும் விதிக்கிறது. மான் தாண்டிக் குதிக்கலாம், நாம் கூடாது. நடப்பவர்கள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. இந்த நிலையில் 1983ஆம் ஆண்டின் ஒரு சட்டம்தான் கைகொடுக்கிறது: மாவட்ட நடைபாதைத் திட்டத்தில் பதிவான ஊர்ப்புறப் பாதையை விற்க வேண்டுமென்றால், ஈடாக வேறு பாதை காட்டியாக வேண்டும்.

பாரிசில் இருக்கும் நம் வாசகர்களுக்கு: ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ஏறினால் ஷாத்தோரூ வரை நேரடி ரயில் உண்டு. அதன்பின் பேருந்தை நம்ப வேண்டாம், கார் பிடியுங்கள். 1:25,000 அளவு வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசிக்குச் சதுப்பில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். உண்ணிக் கடிக்கு முழுநீளக் கால்சட்டை. மதகு திறக்கும் மாதங்களும் வேட்டை மாதங்களும் ஒன்றாகவே வருவதால் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், அழகு பார்க்காதீர்கள். போய்வந்து எழுதுங்கள். புகைப்படம் அனுப்பினால் குளத்தின் பெயரையும் குறிப்பிடுங்கள்; ஆயிரத்தில் எது என்று இங்கிருந்து எங்களால் கண்டுபிடிக்க முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்