மறுபடி எடுக்கத் தோன்றுகிறதா?

புத்தகப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "அது இலக்கியமா?" என்று கேட்டுவிடுகிறார். ஐம்பது வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கேட்பவர் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். முடிவு தெரிந்த பிறகும் மறுபடி எடுக்கத் தோன்றுகிறதா? கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் படிக்க முடிவதில்லை. அந்த ஒன்றரை மணியை யாருக்குக் கொடுப்பது என்று தினமும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

துப்பறியும் கதைகளில் பாதிக்கு மேல், கொலையாளி யார் என்று தெரிந்ததும் பழைய பேப்பர்காரருக்குத்தான். தேவனின் துப்பறியும் சாம்பு மட்டும் தப்பித்துக்கொள்கிறான். புத்தி கொஞ்சம் மட்டான ஒரு குமாஸ்தா, தான் செய்வது இன்னதென்று தெரியாமலே குற்றவாளியைப் பிடித்துவிடுகிறான். ஊர் அவனை மேதை என்கிறது. ஆபீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர்களுக்கு இப்படி ஒரு மேலதிகாரியையாவது தெரிந்திருக்கும். சுஜாதாவில் கணேஷ், வசந்த் இருவரின் பேச்சுக்காக எடுப்பேன், மர்மத்துக்காக எடுக்கமாட்டேன். ஸ்ரீரங்கத்து தேவதைகள் என்றால் எந்த நேரமும் தயார்.

சரித்திர நாவல் என்றதும் எல்லோரும் பொன்னியின் செல்வன் என்பார்கள். 1950-இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. அதை நான்கே நாளில் படித்து முடித்தேன் என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தினம் இரண்டு அத்தியாயம், அவ்வளவுதான் படிக்க வேண்டும். அடுத்த வாரம் வரை வாசகனைத் தவிக்க விடுவதற்காகத்தானே அத்தியாயக் கடைசியில் அந்தக் குதிரைக் குளம்புச் சத்தமெல்லாம்! இருந்தாலும் என் ஓட்டு சிவகாமியின் சபதத்துக்கே. சபதம் நிறைவேறுகிறது, வாதாபி எரிகிறது, ஆனால் அவளுக்கு மாமல்லர் இல்லை. ஏகாம்பரநாதர் சந்நிதியில் போய் முடிகிற அந்தக் கதை இருபது வயதில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது அந்த முடிவுக்காகவே எடுக்கிறேன்.

அலமாரியில் ஒரே ஒரு புத்தகம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது மிரட்டினால், உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரத்தை எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுவேன். கும்பகோணத்தில் முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் ஐயர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதனால் என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை! அங்கிருந்து தொடங்கி 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவரும் வரை அவர் பட்ட பாட்டைப் படியுங்கள். ஏடு தேடி வீடு வீடாகப் போனது, பிரதிக்குப் பிரதி பாடம் மாறித் திண்டாடியது, அச்சுக் கூலிக்குக் கவலைப்பட்டது. எந்த மர்ம நாவலும் இதற்கு ஈடில்லை. ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே 1942-இல் ஐயர் காலமானார், புத்தகம் பாதியில் நிற்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்த வெறுமை ஒவ்வொரு முறையும் என்னைப் பிடித்துக்கொள்கிறது.

அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜம் கிருஷ்ணன். கரிப்பு மணிகளில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள், குறிஞ்சித்தேனில் நீலகிரி படகர்கள், அலைவாய்க்கரையில் மீனவர்கள் என்று, அந்தந்த மக்களிடம் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு எழுதியவர். சில இடங்களில் நாவல் அறிக்கை மாதிரி ஆகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் கரிப்பு மணிகளைப் படித்தபின் சோற்றில் உப்புப் போடும்போது ஒரு கணம் கை நிற்கும். எத்தனை 'நல்ல' நாவல்களுக்கு அந்தச் சக்தி உண்டு? அவர் உயிரோடிருந்தபோதே, 2009-இல், அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அச்சிட்டால் மட்டும் போதுமா, யாராவது படிக்க வேண்டாமா?

பயண நூல்களில் தி.ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய நடந்தாய் வாழி காவேரி. குடகிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோடு போகிறார்கள். மணலும் தண்ணீருமாக இருந்த காவேரியை நேரில் பார்த்த தலைமுறை நாம். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். நல்லவேளை, சாட்சிக்குப் புத்தகம் இருக்கிறது.

மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் 1951-இல் வந்தது. எங்கள் வீட்டுப் பிரதியில் குழம்புப் பக்கங்கள் எண்ணெய்க் கறையும் மஞ்சளுமாக இருக்கின்றன. இன்ன பொருள், இவ்வளவு, இன்னதற்குப் பின் இன்னது. ஒரு வார்த்தை கூடுதலில்லை. இதை உரைநடை என்று சொன்னால் இலக்கிய நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் எழுதியதை வைத்து ஒரு ரசமாவது வைக்க முடியுமா?

முன்னேற்ற நூல்கள் பற்றி ஒரு வரி. எழுபத்திரண்டு வயதில் இனி எங்கே முன்னேறுவது!

பதிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு காலத்தில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்று அட்டையிலேயே போட்டு விற்றார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் பாட்டிமார்கள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். இன்று மலிவுப் பதிப்பு என்ற பெயரில் ஒரு பக்கத்தில் நாற்பது வரியைத் திணித்து, எறும்பு ஊர்வது போல அச்சிடுகிறார்கள். பழைய நூல்களை வாங்குகிறவர்களில் எங்களைப் போன்ற கிழவர்கள் நிறையப் பேர். என் சரித்திரத்தைப் பெரிய எழுத்தில் இரண்டு மூன்று பாகமாகப் போடுங்கள். விலை கூடினாலும் பரவாயில்லை, பென்ஷனில் எடுத்து வைத்திருக்கிறேன்.